சாய்கோணப் பாலங்களில் பாரம் செல்லும் வழி



நெடுஞ்சாலைப் பாலங்களைப் பற்றிப் பேச்சு எழும்போது அவற்றின் நீளத்தையும் உயரத்தையும், கட்டி முடிக்க ஆன காலத்தையும் செலவையும் சொல்லி வியப்பது நம் வழக்கம். ஆனால் மேலிருந்து பார்த்தாலன்றிப் புலப்படாததும், அதன்மேல் வண்டியில் செல்பவர்கள் பெரும்பாலும் கவனியாததும், அப்படியிருந்தும் பாலத்தின் ஒவ்வோர் அங்கமும் பாரத்தைச் சுமக்கும் விதத்தையே மாற்றிவிட வல்லதுமான ஒரு விஷயம் உண்டு. பாலம் தன்னைத் தாங்கும் சுவர்களின்மேல் நேராகக் கிடக்கிறதா, கோணலாகக் கிடக்கிறதா என்பதே அது. இன்று அதைப் பற்றியே பேச எண்ணியிருக்கிறேன்.

சாலை ஒன்று ஆற்றையோ கால்வாயையோ இருப்புப் பாதையையோ கடக்க நேரும் இடத்தில் இரண்டும் செங்கோணத்தில் சந்திப்பது அபூர்வம். ஆறு தன் இஷ்டப்படி ஓடுகிறது. இருப்புப் பாதை நமக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. தூண்களை நீரோட்டத்துக்கு இணையாக நிறுத்தாமல் குறுக்கே திருப்பி நிறுத்தினால், வெள்ளம் அவற்றின் பக்கங்களில் மோதிச் சுழித்து அடிமண்ணை அரித்துவிடும். ஆகவே தூண்களும் கரைச்சுவர்களும் ஆற்றின் போக்கை அனுசரித்தும், மேல்தளம் சாலையின் போக்கை அனுசரித்தும் அமைய, மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பாலம் செவ்வகமாக இராமல் இணைகரமாகத் தோன்றுகிறது. சாலையின் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, தாங்கு சுவரின் கோடு அதிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று அளந்தால் கிடைப்பது சாய்கோணம். நேர்ப்பாலத்துக்கு அது பூஜ்யம். சாலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோணத்தையே சாய்கோணமென்று குறிப்பவர்களும் உண்டு. அவர்களுடைய 30 டிகிரி நம்முடைய 60 டிகிரி ஆகும். வரைபடம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும்போது, கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்று முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

மாட்டுவண்டிகளும் மெதுவாக ஓடிய பேருந்துகளும் மட்டுமே இருந்த காலத்தில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு சுலபமான பரிகாரம் இருந்தது. ஆற்றை நெருங்கும்போது சாலையை ஒரு பக்கம் வளைத்து, ஆற்றை நேராகக் கடக்கச் செய்து, மறுகரையில் திரும்பவும் வளைத்துப் பழைய வழியில் சேர்த்துவிடுவார்கள். நம் நாட்டுப் பழைய சாலைகளில் பாலத்துக்கு முன்னும் பின்னும் காணப்படும் திடீர் வளைவுகளில் பல இவ்வாறு தோன்றியவையே. வேகம் பெருகிய பிறகு அந்த வளைவுகள் விபத்துக்கு இடமாயின. சாலையை வளைக்காதே, பாலத்தைச் சாய் என்பது நியாயமான கொள்கையாகவே வந்தது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் வளைவு நீங்கியதும் அதோடு கஷ்டமும் நீங்கிவிட்டதாக எண்ணுவது தவறு. சாலைக்கு இருந்த கஷ்டம் பாலத்தின் மேல்தளத்துக்குள்ளே புகுந்துகொண்டது.

கல்லால் வளைவுப் பாலம் கட்டிய கொத்தர்கள்தாம் இதை முதலில் உணர்ந்தவர்கள். நேரான வளைவில் கல்வரிசைகளைக் கரைச்சுவருக்கு இணையாக அடுக்கிவிடலாம். சாய்ந்த வளைவில் அப்படியே அடுக்கினால், ஓரங்களில் ஒரு கல்லின் அழுத்தத்தை எதிரேயிருந்து வாங்கிக்கொள்ளச் சுவரே இராது. அயர்லாந்தில் நேஸ் என்னும் ஊருக்கு அருகே கில்டேர் கால்வாயின்மேல் 1787இல் ஃபின்லே பாலத்தைக் கட்டிய வில்லியம் சாப்மன், கல்வரிசைகளைக் கரைக்கு இணையாக அன்றிப் பாலத்தின் முகத்துக்குச் செங்குத்தாக, திருகிச் செல்லும் வரிசைகளாக அடுக்கினார். பின்னர் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஜார்ஜ் ஸ்டீபன்சன் இருப்புப் பாதை அமைத்தபோது, ரெயின்ஹில் என்னுமிடத்தில் பெருஞ்சாலை அதனைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே சாய்கோணம் 56 டிகிரி. சாய்வாக அளந்த இடைவெளி 54 அடி. கற்களை எவ்வெவ்வாறு செதுக்க வேண்டுமென்று அறிய, பக்கத்து வயலில் அந்த வளைவை முழு அளவில் மரத்தால் செய்து பார்த்தார்கள். இன்றும் அப்பாலத்தின்மேல் சாலைப் போக்குவரத்து நடக்கிறது. ஒரு வளைவுக்காக முழு அளவு மரமாதிரி செய்து பார்த்த அந்தச் சிரத்தையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது. பாரம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே உளியை எடுத்தவர்கள் அவர்கள்.

நாமும் கண்ணால் காணலாம். சற்றே கனமான ஓர் அட்டையைச் செவ்வகமாக வெட்டாமல், நன்றாகச் சாய்ந்த இணைகரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மேஜைமேல் இரண்டு புத்தகங்களை ஒன்றுக்கொன்று இணையாகவும் அட்டையின் சாய்வுக்குப் பொருத்தமாகவும் வைத்து, அட்டையின் எதிரெதிரான இரு சாய்ந்த விளிம்புகளும் அவற்றின்மேல் படியும்படி கிடத்துங்கள். இப்போது நடுவில் ஒரு விரலால் மெல்ல அழுத்துங்கள். செவ்வக அட்டையானால் ஒரே சீராகத் தொய்யும். இந்த அட்டையோ தொய்வதோடு நில்லாமல், கூர்மையான இரண்டு மூலைகளையும் புத்தகத்திலிருந்து மேலே தூக்குகிறது. அகன்ற இரண்டு மூலைகளோ முன்னிலும் அழுத்தமாகப் படிகின்றன. கூர்மூலை ஒன்றை இன்னொரு விரலால் பிடித்து அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடியும் நடுவில் அழுத்தினால், அட்டை முறுக்கிக்கொள்வது விரலிலேயே தெரியும். இன்று நான் சொல்லப்போவதன் பெரும்பகுதி அந்த அட்டைக்குள் இருக்கிறது.

காரணம் என்ன? சாலை எந்தத் திசையில் செல்கிறது என்பது வண்டிக்குத் தெரியும், கான்கிரீட்டுக்குத் தெரியாது. அதன்மேல் ஏறிய பாரம் இரண்டு தாங்கு சுவர்களுக்கும் இடையே எது மிகக் குறுகிய வழியோ அதையே நாடுகிறது. சாலையின் திசையில் 12 மீட்டர் இடைவெளியும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். சாய்கோணம் 30 டிகிரியானால் சுவருக்குச் சுவர் நேராக அளந்த தூரம் ஏறத்தாழ 10.4 மீட்டர், 45 டிகிரியானால் 8.5 மீட்டர், 60 டிகிரியானால் வெறும் 6 மீட்டர். அதே 60 டிகிரியில் கரைச்சுவரின் நீளம் 20 மீட்டராக, சாலை அகலத்தைப் போல இருமடங்காக நீண்டுவிடும். அகன்ற மூலைகளான விரிகோண மூலைகள் இரண்டையும் இணைக்கும் மூலைவிட்டம் 11 மீட்டரளவில் நிற்க, கூர்மூலைகளான குறுங்கோண மூலைகளை இணைப்பது 31 மீட்டராகிறது. 11 மீட்டர் வழி இருக்கும்போது பாரம் 31 மீட்டர் வழியைத் தேடிப் போகுமா?

போகாது. ஆகவே ஒரு விரிகோண மூலையிலிருந்து எதிரேயுள்ள விரிகோண மூலைக்குச் செல்லும் பட்டை ஒன்று தளத்துக்குள்ளேயே தானாக உருவாகி, முக்கியமான வளைவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பட்டைக்கு இருபுறமும் எஞ்சி நிற்கும் முக்கோணப் பகுதிகள் தம்மேல் விழும் பாரத்தை நேரே சுவருக்குக் கொடுக்காமல், பட்டையின்மேல் தொற்றிக்கொண்டு நிற்கின்றன. அவ்வாறு தொற்றுவதால் பட்டையை முறுக்குகின்றன. நேர்ப்பாலத்தில் நாம் பெரிதாகப் பொருட்படுத்தாத முறுக்கு விசை, சாய்ந்த தளத்தில் வளைவுக்குச் சமமான கௌரவத்தோடு கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓரங்களை ஒட்டிய பகுதிகள் மட்டும் சாலையின் திசையிலேயே வளைகின்றன. நடுப்பகுதி சுவருக்குச் செங்குத்தான திசையை நோக்கித் திரும்புகிறது. கம்பி கட்டுகிறவர் நேர்ப்பாலத்துக்குக் கட்டுவதுபோல் சாலைக்கு இணையாகப் பிரதானக் கம்பிகளைப் போட்டு நிறுத்தினால், சாய்கோணம் சிறிதாயிருக்கும்வரை தீங்கில்லை. பெரிதாகிவிட்டால் விரிசல் போக விரும்பும் வழிக்குக் குறுக்கே கம்பி இராது.

எத்தனை டிகிரிவரை சிறிது, எத்தனைக்கு மேல் பெரிது? 15 அல்லது 20 டிகிரிவரை நேர்ப்பாலம் போலவே கருதிக்கொள்ளலாம் என்பது பல நாடுகளின் அனுபவத்தில் ஊன்றிய வழக்கம். அதற்கு மேல், விரிகோண மூலையைத் தாங்கச் சுவர் தரும் எதிர்விசை, சுவர் நெடுகிலும் உள்ள சராசரியைத் தாண்டி வளரத் தொடங்குகிறது. 50 டிகிரியை எட்டும்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 60 டிகிரியளவில் அது சராசரியைப் போல இருமடங்காகி, குறுங்கோண மூலையில் அழுத்தமே இல்லாத நிலை வந்துவிடுகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. பாரம் நிற்கும் இடத்தையும் தளத்தின் அகல நீள விகிதத்தையும் பொறுத்து இந்த எண்கள் மாறும், போக்கு மாறாது.

இதில் ஒரு மயக்கம் உண்டு. அதை விளக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. சாய்கோணம் கூடக் கூட, சாலையின் திசையில் ஏற்படும் வளைவுத் திருப்புத்திறன், அதாவது தளத்தை வளைக்க முயலும் வலிமை, குறைகிறது. குறைகிறது என்று கேட்டதும் சிக்கனத்தை விரும்பும் மனம் மகிழ்ச்சியடைகிறது. அமெரிக்க நெடுஞ்சாலை விதிகள், உத்தரங்களின்மேல் தளம் போட்ட பாலங்களுக்கு இந்தக் குறைவை 30 டிகிரிக்கு மேல்தான் அனுமதிக்கின்றன. ஆனால் விரிகோண மூலையை ஒட்டிய உத்தரத்தைக் குறுக்கே அறுக்க முயலும் வெட்டு விசையைப் பூஜ்யத்துக்கு மேற்பட்ட எந்தக் கோணத்திலிருந்தும் கூட்டச் சொல்கின்றன. தளமும் உத்தரமும் ஒன்றுக்கொன்று ஒத்த விறைப்புடன் அமைந்தால், 45 டிகிரிக்கு ஏறத்தாழ 20 சதவீதமும் 60 டிகிரிக்கு 35 சதவீதமும் கூடும். குறைப்பதில் தாமதமும் கூட்டுவதில் அவசரமும் காட்டும் அந்த விதி எனக்கு மிகவும் உவப்பானது. வளைவில் மிச்சப்பட்டது எங்கும் காணாமற் போய்விடவில்லை. அது மூலைக்குப் போயிருக்கிறது. வளைவால் வரும் சேதம் தொய்ந்து, விரிசல் காட்டி, எச்சரித்த பிறகே முற்றும். வெட்டு விசையால் வரும் சேதத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆகையால் சாய்கோணப் பாலத்தின் வரைபடத்தைக் கையில் எடுக்கும் எவரும் நடுப்பகுதியைப் பார்ப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். விரிகோண மூலையில் தளத்தின் அடிப்பக்கம் மட்டுமன்றி மேல்பக்கமும் இழுபடுகிறது. அங்கே மேற்கம்பி போதிய அளவு உண்டா? அந்த மூலையில் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள தாங்கியான பேரிங் மற்றவற்றைப் போன்ற அளவிலேயே இருக்கிறதா, அதற்கு வரும் சுமைக்கு ஏற்றபடி பெரிதாக்கப்பட்டிருக்கிறதா? குறுங்கோண மூலையில், தளம் மேலெழும்பாதபடி பிடித்துவைக்க ஏற்பாடு உண்டா, அல்லது எழும்பாதபடி பேரிங்குகளின் இடைவெளியே மாற்றப்பட்டிருக்கிறதா? கான்கிரீட் உலரும்போது சுருங்குவதாலும் வெயில் குளிரால் நீண்டு குறுகுவதாலும் குறுங்கோண மூலையில் மூலையை வெட்டினாற்போல் விரிசல்கள் தோன்றுவது பல நாடுகளில் கண்ட அனுபவம். அதற்கென்று தனிக் கம்பி போடப்பட்டதா? பழைய பாலத்தின் அடியில் விளக்கோடு இறங்கிப் பார்த்தால், குறுங்கோண மூலையின் ரப்பர்ப் பேரிங்குக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு காகிதம் தாராளமாக நுழையும் இடங்கள் உண்டு. அந்தப் பேரிங் எதையும் தாங்கவில்லை. அது தாங்க வேண்டிய பங்கை வேறொன்று தாங்குகிறது. எது என்பதை உடனே தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த மூலைகளைக் கணிதத்துக்குள் கொண்டுவர அறிஞர்கள் பட்ட பாடு சிறிதன்று. செவ்வகத் தளத்துக்கு உரிய சமன்பாடுகள் அழகாகத் தீர்வு தரும். இணைகரத்துக்கு அவை இசைந்து வருவதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெர்னன் ஜென்சன் 1941இல் சாய்ந்த தளங்களின் பகுப்பாய்வை வெளியிட்டார். ஜெர்மனியில் ரூஷும் ஹெர்கென்ரோடரும் 1961இல், தளத்தின் எந்த இடத்தில் சக்கரம் நின்றால் எந்த இடத்தில் எவ்வளவு வளைவு நேரும் என்பதைக் காட்டும் செல்வாக்குப் படங்களைத் தொகுத்தளித்தனர். கணிப்பொறி மேஜைக்கு வருவதற்கு முன்பிருந்த தலைமுறைக்கு அந்தப் படங்களே துணை. லைட்ஃபுட்டும் சாவ்கோவும் 1959இல், தளத்தை ஒன்றையொன்று குறுக்கிடும் உத்தரங்களின் வலையாகப் பாவித்துக் கணிப்பொறியில் கணக்கிடும் முறையைக் காட்டினர். இன்றளவும் பால அலுவலகங்களில் அது உயிரோடு இருக்கிறது. அந்த வலையைப் பின்னுவதிலும் சாய்கோணம் தலையிடும்: 20 டிகிரிக்குள் வலையின் குறுக்குக்கோடுகளைச் சுவருக்கு இணையாகப் போடலாம், அதற்கு மேல் உத்தரங்களுக்குச் செங்குத்தாகப் போடுவதே உண்மைக்கு நெருக்கமான விடையைத் தரும்.

சாய்ந்த தகடுகளைப் பற்றி 1963இல் நூல் எழுதிய மார்லி போன்றவர்கள் ஆராய்ந்த விசித்திரம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மெல்லிய தகட்டின் சித்தாந்தப்படி விரிகோண மூலையின் உச்சியில் வளைவுக்கு எல்லையே இல்லை. கணிப்பொறியில் தளத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் இன்றைய இளைஞர், கூறுகளை இன்னும் சிறிதாக்கினால் விடை இன்னும் துல்லியமாகும் என்று நம்பிச் சிறிதாக்குகிறார். மூலையில் எண் ஏறிக்கொண்டே போகிறது. எண்ணைக் கண்டு பயந்து கம்பியைக் கொட்டுகிறவரும் உண்டு. எண் பொய்யென்று சொல்லி மூலையையே கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறவரும் உண்டு. இரண்டும் சரியல்ல. உண்மையான பாலம் கூர்மையான ஒரு புள்ளியின்மேல் நிற்பதில்லை. குறிப்பிட்ட அகலமுள்ள, அழுத்தினால் சிறிது இறங்கிக்கொடுக்கும் ரப்பரின்மேல் நிற்கிறது. அந்த ரப்பரின் நெகிழ்ச்சியைக் கணக்கில் சேர்த்தால் விரிகோண மூலையின் எதிர்விசை இறங்கும், குறுங்கோண மூலையின் எழும்பலும் தணியும். மெத்தென்ற தாங்கி சாய்கோணப் பாலத்துக்கு ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்லலாம்.

இதுவரை தளப் பாலத்தைப் பற்றிப் பேசினேன். எஃகு உத்தரங்களை வரிசையாக நிறுத்தி அவற்றின்மேல் தளம் போட்ட பாலங்களில் தொல்லை வேறு உருவெடுக்கிறது. அடுத்தடுத்த இரண்டு உத்தரங்களை ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பாலத்தில் அது இணைக்கும் இரு புள்ளிகளும் தத்தம் உத்தரத்தில் ஒரே இடத்தில் இருப்பவை. இரண்டும் ஒரே அளவு தொய்யும். சாய்ந்த பாலத்தில் செங்குத்தாகப் போட்ட சட்டம், ஓர் உத்தரத்தின் நடுப்பகுதியை இன்னோர் உத்தரத்தின் முனைப்பகுதியோடு இணைத்துவிடுகிறது. ஒன்று தொய்கிறது, மற்றது தொய்வதில்லை. இரண்டுக்கும் நடுவே சட்டம் திணறுகிறது. ஆதலால் விரிகோண மூலையை ஒட்டிய சட்டங்களில் எதிர்பாராத பெருவிசைகள் சேர்கின்றன. அந்த இடத்தில் ஒன்றிரண்டு சட்டங்களை எடுத்துவிடுவதே நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதைக் கேட்டால், பலம் சேர்க்க வந்த ஒன்றை எடுப்பதா என்று தோன்றும்; பலமும் விறைப்பும் ஒன்றல்ல என்பதால் அவர்கள் சொல்வது உண்மை. முனையில் சுவருக்கு இணையாகப் போட்ட சட்டமோ உத்தரத்தையே சாய்க்கிறது: தளத்தின் கான்கிரீட்டை ஊற்றியதும் உத்தரம் வளைந்து அதன் மேல்விளிம்பு முன்னோக்கி நகர முயல, சாய்ந்த சட்டம் அதனைத் தன் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மட்டுமே நகரவிட, உத்தரம் பக்கவாட்டில் சரிந்து தூக்குக்குண்டுக் கோட்டை விட்டு விலகுகிறது. எஃகை நிறுத்தும்போது நிமிர்ந்திருக்க வேண்டுமா, கான்கிரீட் ஊற்றிய பிறகு நிமிர வேண்டுமா என்பதைத் தொழிற்சாலையில் துளை போடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். களத்தில் வந்து இழுத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இழுப்பு பாலத்தின் ஆயுள் முழுவதும் உள்ளே தங்கிவிடும்.

இனி, கீழ்நோக்கிய பாரத்தை மறந்துவிட்டு, பாலம் கிடந்த கிடையில் திரும்புவதைப் பற்றிப் பார்ப்போம். இதைப் பொதுமக்கள் கேட்டால் நம்ப மறுப்பார்கள். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பாலம் சமதளத்தில் தானாகச் சுழலுமா என்பார்கள். சுழலும். வெயிலில் தளம் நீளும்போது இரு கரைச்சுவர்களுக்கும் பின்னாலுள்ள மண் அதனைத் திருப்பித் தள்ளுகிறது. மண்ணின் தள்ளுதல் சாலையின் திசையில் அல்ல, சுவருக்குச் செங்குத்தான திசையில் நிகழ்கிறது. நேர்ப்பாலத்தில் இரு தள்ளுதல்களும் ஒரே கோட்டில் நேருக்கு நேர் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாய்ந்த பாலத்திலோ அவை ஒரே கோட்டில் இல்லை. சமமாயும் எதிராயும் இருந்தும் ஒன்றையொன்று தாண்டிச் செல்கின்றன. 40 மீட்டர் நீளமும் 30 டிகிரி சாய்வும் உள்ள பாலத்தில் அவ்விரு கோடுகளுக்கும் இடையே 20 மீட்டர் தூரம் இருக்கும். அந்தத் தூரத்தால் பெருகிய விசை பாலத்தைத் திருப்புகிறது: குறுங்கோண மூலைகள் தங்கள் இருக்கையை விட்டு விலகும் திசையிலும், விரிகோண மூலைகள் சுவரை நெருக்கும் திசையிலும்.

அதைத் தடுக்க இருப்பது சுவருக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள உராய்வு மட்டுமே. இரண்டையும் சமன்படுத்திக் கணக்கிட்டால் வியக்கத்தக்க ஒரு முடிவு கிடைக்கிறது. மண்ணின் தள்ளும் வலிமையும் பாலத்தின் நீளமும் சமன்பாட்டின் இருபுறமிருந்தும் அடிபட்டுப் போய்விட, சாய்கோணமும் உராய்வுக் கோணமும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. சாய்கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறிதானால் பாலம் அசையாது. பெரிதானால், உராய்வைத் தவிர வேறு பிடிப்பு இல்லாத வரையில், திரும்பும். கான்கிரீட் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே அந்தக் கோணம் 20 டிகிரியளவில் இருக்கும். தளத்தையும் கரைச்சுவரையும் ஒன்றாகவே வார்த்துவிடும் பாலங்களுக்கு அமெரிக்காவின் பல மாநிலங்கள் சாய்கோணத்தை 30 டிகிரிக்குள் கட்டுப்படுத்தியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூகம்பம் இதே காரியத்தைச் சில நொடிகளில் செய்கிறது. 1971 பிப்ரவரி 9ஆம் தேதி கலிஃபோர்னியாவில் சான் ஃபெர்னாண்டோ பூகம்பம் நிகழ்ந்தபோது, ஃபுட்ஹில் பூல்வார்டு என்னும் சாலைக்கு மேலே சென்ற, மிகவும் சாய்ந்த நெடுஞ்சாலைப் பாலம் மேல்தளம் உடையாமல் அப்படியே ஒரு பலகைபோல் கிடையில் திரும்பியிருந்தது. அந்தச் சுழற்சி ஏன் நேர்ந்தது என்பதைக் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மரகாக்கிஸும் ஜென்னிங்ஸும் 1980களில் ஆராய்ந்து விளக்கினர். தளம் நீளவாக்கில் ஆடி விரிகோண மூலையில் சுவரை மோதுகிறது. மோதிய விசை தளத்தின் மையத்தின் வழியே செல்லாததால் தளம் திரும்புகிறது. திரும்பியது மறுமுனையில் மோதி, அதே பக்கமாக இன்னும் திரும்புகிறது. ஒவ்வொரு மோதலும் முந்தைய சுழற்சியைத் திருத்துவதற்குப் பதிலாகக் கூட்டுகிறது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

1994 ஜனவரி 17ஆம் தேதி, அதே பிரதேசத்தில் நார்த்ரிட்ஜ் பூகம்பம். ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கேவின் கேன்யன் என்னுமிடத்தில் பள்ளத்தாக்கைக் கடந்த இரட்டைப் பாலங்கள் இடிந்து விழுந்தன. அவற்றின் சாய்கோணம் 66 டிகிரியளவு. தளத்தின் நடுவே ஒரு துண்டு இன்னொரு துண்டின்மேல் உட்கார்ந்திருந்த இணைப்பில் இருக்கை அகலம் சுமார் 200 மில்லிமீட்டர்தான். முந்தைய பூகம்பத்தின் பாடத்தால் அந்த இணைப்புகளை எஃகு வடங்களால் பிணைத்திருந்தும், கோணத்தால் நேர்ந்த விலகலை அவை தடுக்கவில்லை. அமெரிக்க விதிகளில் தளத்தின் இருக்கை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டுமென்று கூறும் சூத்திரத்தில் சாய்கோணத்தின் வர்க்கத்தைப் பெருக்கிச் சேர்க்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதன்படி 30 டிகிரிக்கு இருக்கை 11 சதவீதம் அகலிக்க, 60 டிகிரிக்கு 45 சதவீதம் அகலிக்க வேண்டும். காகிதத்தில் அது ஒரு சிறிய பெருக்கல். இருக்கை போதாத இடத்தில் என்ன நேரும் என்பதைக் கேவின் கேன்யன் காட்டியது.

சிலி நாட்டில் 2010 பிப்ரவரி 27ஆம் தேதி, 8.8 அளவுள்ள பூகம்பத்தில், சாந்தியாகோ நகரைச் சுற்றிச் செல்லும் அமெரிக்கோ வெஸ்புசியோ சாலையின் சாய்ந்த மேம்பாலங்கள் சில இவ்வாறே திரும்பி விழுந்தன. உத்தரங்களின் முனைகளைப் பிணைக்கும் குறுக்கு உத்தரங்கள் அவற்றில் இல்லை. அவற்றுக்குப் பக்கத்திலேயே, குறுக்கு உத்தரங்களோடு முன்பு கட்டப்பட்ட பழைய பாலங்கள் சிறு சேதத்தோடு நின்றன. விழுந்தவை புதியவை, நின்றவை பழையவை. கட்டுமானத்தை எளிதாக்குவதற்காக ஓர் அங்கத்தை நீக்கும்போது, நேர்ப்பாலத்தில் அது செய்த வேலை வேறு, சாய்ந்த பாலத்தில் செய்த வேலை வேறு என்பதை யாரேனும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதை நினைக்கையில் வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் சாய்கோணமே கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்பதற்கில்லை. ஆனால் அது பாலப் பொறியாளரிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் முடிவாகிவிட்ட விஷயமாக வருகிறது. சாலையின் போக்கை வகுத்தவர் அதை முன்பே தீர்மானித்துவிடுகிறார். அவர் வரைபடத்தில் கோட்டைச் சில டிகிரி திருப்பினால் நிலம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். திருப்பாவிட்டால் கரைச்சுவர் நீளும், மூலைகள் கனக்கும், விரிவு இணைப்பு நீண்டு அதன்மேல் செல்லும் வண்டியின் ஒரு சக்கரம் முன்னும் மறுசக்கரம் பின்னுமாக ஏறி அச்சைக் குலுக்கும். இரு கணக்குகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். சாலையைத் திருப்ப முடியாத இடத்தில் வேறு யுக்திகள் உள்ளன. இடைவெளியை நீட்டி, சுவர்களைச் சாலைக்குச் செங்குத்தாகப் பின்னுக்குத் தள்ளி நேர்ப்பாலமாகவே கட்டிவிடலாம். 10 மீட்டர் அகலச் சாலைக்கு 45 டிகிரியில் இதனால் 10 மீட்டர் நீளம் கூடும்; 60 டிகிரியில் 17 மீட்டருக்கு மேல் கூடும். முன்னது பல சமயங்களில் கட்டுப்படியாகும், பின்னது ஆகாது. ஆற்றுக்குள் சுவர்போன்ற நீண்ட தூணுக்குப் பதிலாக ஒற்றை வட்டத் தூணை நிறுத்தினால், எந்தத் திசையிலிருந்து வரும் நீருக்கும் அது ஒரே முகம் காட்டும். அதன் தலைமேல் தளத்தை நேராகவே கிடத்தலாம். பணமும் இடமும் அனுமதிக்கும் இடங்களில் நான் இந்த முறையையே விரும்புவேன்.

கடைசியாக, நம் நாட்டில் இப்போது அவசரமாகிவிட்ட ஒன்றைச் சொல்லி அமைகிறேன். இருவழிச் சாலைகளை நான்குவழி ஆக்கும்போது பழைய பாலங்களின் பக்கத்தில் புதிய தளத்தை வார்த்து இரண்டையும் ஒட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. நேர்ப்பாலத்தில் இதனால் பெரிய கேடு இல்லை. சாய்கோணப் பாலத்திலோ, ஒட்டிய மறுகணமே அதன் அகலமும் வடிவமும் மாறி மூலைகள் இடம்பெயர்கின்றன. பழைய தளத்தின் விரிகோண மூலை இப்போது தளத்தின் நடுவிலே விளிம்போரத்துச் சாதாரணப் புள்ளியாகிவிட, அங்கே அன்று கட்டிவைத்த கம்பிகள் வேலையின்றிக் கிடக்கின்றன. புதிய தளத்தின் வெளிப்புற மூலைக்கு அந்தப் பாரம் போய்ச் சேர்கிறது. பழைய குறுங்கோண மூலையில் அதுவரை சும்மா கிடந்த பேரிங் திடீரென்று சுமக்க வேண்டியதாகிறது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பு, பழைய தளத்தையும் புதிய தளத்தையும் ஒரே தளமாகப் பாவித்து நான்கு மூலைகளுக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அதற்குப் பழைய வரைபடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூலைகளில் கம்பி எங்கெங்கே, எவ்வளவு இருக்கிறதென்று கருவி வைத்துத் தேடி அறிய வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் இரண்டையும் ஒட்டாமல், நடுவே நீளவாக்கில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு பாலங்களாகவே தனித்தனியே உழைக்க விடுவதுதான் முறை.